பயப்படுகிறவர்களுக்குச் சபையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதற்ற நோயைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், கடவுள் நம்பிக்கை மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் மனநல மருத்துவரிடம் மிகத் தாமதமாகவே வந்து சேருகிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் அந்த வரியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு லுத்தரன் சபையில் பிறந்து, இன்றும் அதே சபையில் இருப்பவள் என்ற முறையில், அந்த ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடக் கூடாது என்று கருதுகிறேன். பயத்தைப் பற்றி எங்கள் வேதம் சொல்வது ஒன்றாகவும், எங்கள் சபைகளில் பல நேரங்களில் நாங்கள் சொல்வது வேறொன்றாகவும் இருக்கிறது. கட்டுரையாளர் குறிப்பிட்ட தாமதம் அந்த வேறுபாட்டிலிருந்துதான் பெரும்பாலும் பிறக்கிறது என்பது என் கருத்து. இதைக் கிறிஸ்தவ வாசகர்கள் முன்பும் மற்ற வாசகர்கள் முன்பும் வைப்பதற்கு, இக்கடிதத்துக்குச் சற்று நீளமாகவே இடம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பயப்படுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கடன் வாங்கிப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் புகை மட்டும் வந்தபோது விவசாயிக்கு ஏற்படும் பயம், மாங்காய் விலை சரிந்த ஆண்டில் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஏற்படும் பயம், குழுக் கடனின் வாரத் தவணைக்காக வாசலில் வந்து நிற்கப்போகிறவரை நினைத்து முதல் நாள் இரவே தூக்கத்தைத் தொலைக்கும் பெண்ணின் பயம், ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் மகள் வீட்டுப் படியேறும் வரை விழித்திருக்கும் தாயின் பயம், தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பிள்ளையின் அறைக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருப்பதைக் கண்ட தகப்பனின் பயம் என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றுக்காவது பெயர் உண்டு. எந்தக் காரணமும் இல்லாமல் நள்ளிரவில் நெஞ்சு படபடத்து, கை விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, இதோ செத்துவிடப் போகிறேன் என்று எழுந்து உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பயத்தை மற்றவர்களிடம் எப்படிச் சொல்வது என்றே தெரிவதில்லை.

ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பங்கள் வாசிக்கப்படும். காய்ச்சல், அறுவை சிகிச்சை, வரன் அமைவது, வெளிநாட்டு வேலை, வீடு கட்டும் கடன் எல்லாம் அந்தச் சீட்டுகளில் இருக்கும். “எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள்” என்று ஒருவர் எழுதிக் கொடுத்து வாசிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை. பயம் என்றால் அவிசுவாசம், அவிசுவாசம் என்றால் பாவம் என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் அதை எப்படி எழுதுவார்கள்? தைரியமாகச் சொல்லிவிட்டவருக்கும் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வசனம்தான். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்று அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்துச் சொல்லி, அப்படியானால் உனக்குள் இருப்பது எந்த ஆவி என்ற கேள்வியை அவர் மீது ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வரும்போது பயத்தோடு மட்டும் வந்தவர், போகும்போது குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போகிறார்.

வேதத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில் அக்கினிக் கடலுக்குரியவர்களின் பட்டியல் ‘பயப்படுகிறவர்கள்’ என்றுதான் தொடங்குகிறது என்று சிலர் எடுத்துக் காட்டுவார்கள். உண்மைதான், அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் அந்த நூல் ரோமப் பேரரசின் நெருக்கடியில் இருந்த சபைகளுக்கு எழுதப்பட்டது. உயிருக்கும் உடைமைக்கும் அஞ்சிக் கர்த்தரைக் கைவிட்டு மறுபக்கம் போய்விடுவதை அது கண்டிக்கிறது. நள்ளிரவில் நெஞ்சு படபடக்கிற பெண்ணைப் பற்றி அது பேசவில்லை. பயத்தால் கர்த்தரையே மறுதலித்த சீஷர் பேதுருவின் கதை என்ன ஆயிற்று என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்குப் பயந்து “அவரை அறியேன்” என்று சொன்ன மனிதரிடம்தான், உயிர்த்தெழுந்த கிறிஸ்து “என் ஆடுகளை மேய்ப்பாயாக” என்று ஒப்படைத்தார். பயந்தவரைத் தள்ளி வைத்துவிட்டுத் தைரியசாலி ஒருவரை அவர் தேடிப் போகவில்லை.

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தை எங்கள் சபைகளில் உயிர்த்தெழுதல் காலத்தில் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஆனால் அதிலுள்ள ஒரு விவரத்தில் நாங்கள் போதுமான அளவு நிற்பதில்லை. இயேசு உயிர்த்தெழுந்த அன்று மாலை, சீஷர்கள் பயந்துபோய்க் கதவுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அவர் வந்து நடுவே நின்று “உங்களுக்குச் சமாதானம்” என்றார், தம் கைகளையும் விலாவையும் காண்பித்தார், அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு எட்டு நாள் கழித்து என்ன நிலை? அதே சீஷர்கள், அதே வீடு, கதவுகள் மறுபடியும் பூட்டியே இருந்தன. உயிர்த்தெழுந்தவரைக் கண்ணாரக் கண்டவர்கள், அவர் வாயால் சமாதானம் என்று கேட்டவர்கள், ஒரு வாரம் கழித்தும் கதவைத் திறந்து வைக்கத் துணியவில்லை. இயேசு அதற்காக அவர்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொண்டதாக அங்கே எழுதப்படவில்லை. திரும்பவும் வந்தார், திரும்பவும் நடுவே நின்றார், அதே சமாதானத்தைத் திரும்பவும் சொன்னார். கதவு திறந்தால்தான் வருவேன் என்று அவர் வெளியே நின்றிருந்தால் திருச்சபை என்ற ஒன்றே இருந்திருக்காது. ஒரே ஜெபத்தில், ஒரே கூட்டத்தில், ஒரே இரவில் பயம் பறந்துபோய்விட வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதும், பறக்காவிட்டால் பயந்தவர் மீதே பழி போடுவதும் இந்த அதிகாரத்துக்கு நேர் எதிரானவை.

பிடிபடுவதற்கு முன்பு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே திகிலடையவும் மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். அந்த இரவில் அவர் தம் சீஷர்களிடம் கேட்டது, இங்கே தங்கி என்னோடு விழித்திருங்கள் என்பதுதான். அந்த ஒன்றை அவர்களால் செய்ய முடியவில்லை, தூங்கிவிட்டார்கள். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, வெளியே போராட்டங்களும் உள்ளே பயங்களும் இருந்தன என்று மறைக்காமல் சொல்லிவிட்டு, உடன் ஊழியரான தீத்து வந்து சேர்ந்ததினால் தேவன் எங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். ஆறுதல் ஒரு தரிசனமாக வரவில்லை, ஓர் ஆள் வந்து சேர்ந்தார். அப்போஸ்தலனுக்கே ஆறுதல் ஓர் ஆள் வழியாகத்தான் வந்தது என்றால், நமக்கு மட்டும் வசனம் எழுதிய ஒரு வாட்ஸ்அப் படம் போதும் என்று எப்படி முடிவு செய்தோம்? வேதத்தில் ‘பயப்படாதே’ என்பது 365 முறை வருகிறது, ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று பல மேடைகளில் சொல்லக் கேட்கிறேன். எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வருவதில்லை. அது வரத் தேவையும் இல்லை. அந்த வார்த்தை பெரும்பாலும் ஏற்கெனவே பயந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம்தான் சொல்லப்பட்டது என்பதைக் கவனித்தாலே போதும். “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று 56ஆம் சங்கீதத்தில் வருகிறது. பயப்படாத நாளில் என்று அங்கே இல்லை.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அருகில் இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மாள், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி விபத்தில் சிக்கி உயிர் பிழைத்தவர். தேசிய நெடுஞ்சாலை 44இல் அந்தச் சரிவு எத்தனை உயிர்களை வாங்கியிருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடலில் பட்ட காயங்கள் ஆறிவிட்டன. ஆனால் அதன் பிறகு பேருந்து நிலையத்தின் பக்கம் போனாலே அவருக்குக் கால் நடுங்கியது. சேலத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போக முடியவில்லை. மகளே வந்து பார்த்துவிட்டுப் போனாள். விசுவாசத்தோடு ஏறி உட்காருங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொன்னவர்கள் பலர். அப்படி ஒரு முறை ஏறி, காவேரிப்பட்டணம் வருவதற்குள் அலறி இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு சபைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

எங்கள் பெண்கள் சங்கத்தைச் சேர்ந்த சிலர் அவர் வீட்டுக்குப் போனார்கள். முதலில் அவரைப் பேசவிட்டார்கள். வாரக்கணக்கில் அவர் அந்த விபத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார். இவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் மருந்தும் கொடுத்தார், படிப்படியாகப் பயணத்துக்குப் பழகும் வழியையும் சொன்னார். அதன்படி முதலில் பேருந்து நிலையத்தில் சும்மா போய் உட்கார்ந்து வந்தார்கள். பிறகு காவேரிப்பட்டணம் வரை, பிறகு காரிமங்கலம், பிறகு தருமபுரி என்று யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார்கள். பயம் ஏறும்போது இறங்கிவிடாமல், அது ஏறித் தானாகத் தணியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது. அந்த நேரத்தில் 23ஆம் சங்கீதத்தை இரண்டு பேரும் மெல்லிய குரலில் சேர்ந்து சொல்வது என்பது இவர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் தொப்பூர்ச் சரிவையும் கடந்து சேலம் போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். சபையில் சாட்சி சொல்லச் சொன்னபோது அவர் சொன்னதை மறக்க முடியவில்லை. “பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், மரண இருளின் பள்ளத்தாக்கு இல்லை என்று தாவீது சொல்லவில்லையே, நான் அதில் நடந்து போனேன், கூட ஆள் இருந்தது” என்றார். பயத்தை விசுவாசத்தால் மேற்கொள்வது என்றால் இதைத்தான் நான் புரிந்துகொள்கிறேன். அதில் மருத்துவர் இருந்தார், மாத்திரை இருந்தது, பேருந்துச் சீட்டு வாங்கிய பெண்கள் இருந்தார்கள், சங்கீதமும் இருந்தது. இவற்றில் எது தேவன் செய்தது, எது மனிதர் செய்தது என்று பிரித்துக் காட்டும்படி அந்த அம்மாளிடம் யாரும் கேட்கவில்லை.

எல்லாப் பயமும் விரட்டப்பட வேண்டியதும் அல்ல. பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்குகிற மாதங்களில், ராகிக் கொல்லையில் காவலுக்குப் பரண் மீது ஏறுகிறவர் யானைக்குப் பயப்படுவது தேவன் தந்த புத்தி. ஜெபித்துவிட்டேன், இனி எதுவும் செய்யாது என்று இருட்டில் அதன் முன்னால் போய் நிற்பதை விசுவாசம் என்று யாரும் அழைக்கக் கூடாது. வாதை உன் கூடாரத்தை அணுகாது என்று சொல்லும் 91ஆம் சங்கீதத்தை எங்கள் வீடுகளில் பலர் சட்டமிட்டு வாசலுக்கு மேல் மாட்டியிருக்கிறோம். கொரோனா காலத்தில் அது கைபேசிக்குக் கைபேசி பறந்தது. எனக்கும் அது மிகவும் பிரியமான சங்கீதம். ஆனால் வனாந்தரச் சோதனையில் பிசாசு இயேசுவை ஆலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும், தூதர்கள் உம்மைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள் என்று சொன்னபோது, அவன் எடுத்துச் சொன்ன வசனம் இந்த 91ஆம் சங்கீதத்திலிருந்துதான் என்பதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இயேசு குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்று வேறொரு வசனத்தால் பதில் சொன்னார்.

எங்கள் சபை மரபின் தகப்பனான மார்ட்டின் லுத்தரிடமும் இதே கேள்வி வந்தது. 1527இல் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகமே வேறு ஊருக்கு மாற்றப்பட்டது. லுத்தர் கர்ப்பிணியான மனைவியோடு அங்கேயே தங்கினார். அவர் வீடு நோயாளிகளைப் பராமரிக்கும் இடமாயிற்று. கொள்ளைநோய்க்குப் பயந்து ஒரு கிறிஸ்தவன் ஊரை விட்டு ஓடலாமா என்று பிரஸ்லாவ் நகரத்துப் போதகர்கள் கேட்டிருந்ததற்கு, அந்த ஆண்டிலேயே ஒரு கடிதத்தில் அவர் பதில் எழுதினார். போதகர், அதிகாரி, மருத்துவர் போன்றோர் தங்கள் பொறுப்பைக் கைவிட்டு ஓடக் கூடாது; அப்படிப்பட்ட கடமை இல்லாதவர், நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இருக்கும்போது, விலகிப் போவதில் பாவம் இல்லை; மரணத்துக்குத் தப்ப நினைப்பது இயல்பு; மருந்தைப் பயன்படுத்துங்கள், வீட்டுக்குப் புகை போடுங்கள், தேவையில்லாத இடத்துக்குப் போகாதீர்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மருந்தை அலட்சியம் செய்து, அதுவே விசுவாசம் என்று எண்ணுகிறவர்கள் தேவனைச் சோதிக்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்பு, கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் எழுதப்பட்ட கடிதம் அது.

தொலைவில் ஜெர்மனியில் நடந்தது என்று இதை ஒதுக்க வேண்டாம். 1895இல் கிருஷ்ணகிரிக்கு வந்து, அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையின் முதல் ஊழியத்தை இங்கே தொடங்கியவர்களில் ஒருவரான தியோடோர் நேத்தர், 1904இல் இதே கிருஷ்ணகிரியில் பிளேக் நோயால் இறந்தார். 1898இல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், அடுத்து வந்த ஆண்டுகளில் எங்கள் பக்கத்து ஊர்களையும் விட்டுவைக்கவில்லை. விசுவாசம் உள்ளவனை வாதை அணுகாது என்று உறுதிமொழி கொடுத்து உபதேசிக்கிறவர்கள், அந்த மிஷனரியின் முடிவுக்கு என்ன விளக்கம் சொல்வார்கள்? அவருக்கு விசுவாசம் குறைவு என்பார்களா? இந்த மாவட்டத்தில் எங்கள் சபைகள் இருப்பதே, வாதை அணுகிய ஒரு மனிதரின் உழைப்பால்தான்.

இனி நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பயத்தைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பயத்தையே விதைக்கிற கூட்டங்கள் எங்கள் பகுதியில் பெருகி வருகின்றன. உங்கள் வீட்டில் முன்னோர் சாபம் இருக்கிறது, பக்கத்து வீட்டார் செய்வினை வைத்திருக்கிறார்கள், மகனுக்கு வேலை கிடைக்காததற்கு மூன்று தலைமுறைக் கட்டு காரணம், இந்த எண்ணெயைப் பூசுங்கள், இத்தனை வாரம் தொடர்ந்து வாருங்கள் என்று ஒருவர் மேடையிலிருந்து சொல்லும்போது, கேட்பவர் மனத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம் புதிதாகக் குடியேறுகிறது. அந்தப் பயத்துக்குப் பரிகாரமும் அதே மேடையில்தான் கிடைக்கும் என்றும் ஆகிவிடுகிறது. பக்கத்து வீட்டாரை எதிரியாகப் பார்க்கவும் அது கற்றுக்கொடுக்கிறது. அந்த வீட்டார் வேறு மதத்தவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவான் எழுதியிருக்க, அன்பைத் தள்ளிவிட்டுப் பயத்தை உள்ளே கொண்டுவரும் இந்த வியாபாரத்துக்குக் கிறிஸ்துவின் பெயரைப் பயன்படுத்துவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. மாத்திரையைத் தூக்கி எறிந்து விசுவாசத்தைக் காட்டுங்கள் என்று அழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிறுத்திவிட்டு, சில வாரங்களில் முன்பைவிட மோசமான நிலையில் உறவினர்கள் தூக்கிக்கொண்டு வந்த நோயாளிகளை நான் பணியில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். தூக்கி எறியச் சொன்னவர் எவரும் அவர்களோடு மருத்துவமனைக்கு வந்ததில்லை.

செவிலியராகச் சில வார்த்தைகள் மட்டும். நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலும் வந்தால் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அது இதயக் கோளாறாகவோ, தைராய்டு கோளாறாகவோ, இரத்தசோகையாகவோ இருக்கலாம். இசிஜி முதலான பரிசோதனைகளில் அவை இல்லை என்று தெரிந்த பிறகு, ஒன்றுமில்லை, மனப்பிரமை என்று அனுப்பிவிடக் கூடாது. திடீர்ப் பதற்றம் பொதுவாகச் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணியும். அது உயிரை எடுக்காது. ஆனால் மறுபடியும் வருமோ என்ற பயத்தில் ஒவ்வொரு இடமாகத் தவிர்த்துக்கொண்டே போனால் வாழ்க்கை ஓர் அறைக்குள் சுருங்கிவிடும். இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு. மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு இலவசமாகச் சிகிச்சை பெறலாம். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம். பாகாலின் தீர்க்கதரிசிகளையே எதிர்த்து நின்ற எலியா தீர்க்கதரிசி, அரசி யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டு, தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடக் கொடுத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நோயாளியின் உடலைக் கவனிப்பது விசுவாசத்துக்கு வெளியே உள்ள வேலை என்று சொல்லுகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு முறை வாசிக்கலாம்.

மருந்துக்கு எட்டாத பயமும் ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதியே சொன்னவளாவேன். வார்டுகளில் சாகும் தறுவாயில் இருந்தவர்களின் அருகில் எத்தனையோ இரவுகள் இருந்திருக்கிறேன். வலிக்கு ஊசி உண்டு. மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் உண்டு. நான் எங்கே போகிறேன், என் பிள்ளைகள் என்ன ஆவார்கள், வாழ்ந்ததற்கு ஏதாவது பொருள் உண்டா என்ற பயத்துக்கு மருந்துப் பெட்டியில் எதுவும் இல்லை. ஜீவகாலமெல்லாம் மரண பயத்தினால் அடிமைத்தனத்திற்குள்ளானவர்களை விடுதலை செய்யவே கிறிஸ்து மாம்சமும் இரத்தமும் உடையவரானார் என்று எபிரெயர் நிருபம் சொல்லுவதை நான் அந்த வார்டுகளில்தான் புரிந்துகொண்டேன். இந்துக்களும் இஸ்லாமியர்களும் எந்த மதமும் சாராதவர்களும் மிகுந்த அமைதியோடு இறந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவர்கள் கடைசி வரை நடுங்கியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே எங்களுக்கு மட்டுமே தைரியம் உண்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நாங்கள் விசுவாசிக்கிறவர் மரணத்தைத் தூரத்தில் நின்று பார்த்தவர் அல்லர், திகிலடைந்து, வியர்த்து, என்னைக் கைவிட்டீரே என்று கூப்பிட்டு, அதற்குள் போய் வெளியே வந்தவர். நடுங்குகிற ஒரு கிறிஸ்தவருக்கு, உன் நடுக்கத்தை அவர் அறிவார் என்று சொல்ல முடியும். நடுங்காதே என்று சொல்வதைவிட அது அவரை அதிகம் தேற்றியதை நான் கண்டிருக்கிறேன்.

எனவே கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய எங்கள் இரண்டு மாவட்டங்களின் போதகர்களுக்கும், குருக்களுக்கும், சபை மூப்பர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஜெப விண்ணப்பங்களில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் இடம் உண்டு என்று பீடத்திலிருந்து வெளிப்படையாக அறிவியுங்கள். நீங்களே அறிவிக்காவிட்டால் எவரும் எழுதித் தர மாட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறவரைச் சாட்சி சொல்ல அழையுங்கள். வீடு சந்திக்கப் போகும்போது வசனத்தைக் கடைசியில் சொல்லுங்கள், முதலில் கேளுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் நரகத்தைக் காட்டிக் குழந்தைகளை அடக்குவதை நிறுத்துங்கள். வாலிபர் கூடுகையில் ஒரு நாளாவது மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரை வரவழைத்துப் பேச வையுங்கள். அழைத்தால் அவர்கள் வருவார்கள்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சனிக்கிழமைகளில் ஆலயங்களின் ஆராதனை நேரங்களையும் உபவாசக் கூட்ட அறிவிப்புகளையும் வெளியிடுகிறீர்கள். அதே பக்கத்தில் 14416 என்ற எண்ணையும், இரண்டு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இயங்கும் நாள்களையும் நேரத்தையும் விசாரித்து வாரந்தோறும் சேர்த்து வெளியிட வேண்டும். கோயில், மசூதிச் செய்திகள் வரும் பக்கங்களிலும் அதைச் சேர்த்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.